175-க்கும் 14-க்கும் நடுவில் ஓர் எழுத்து

கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டார் பட்டணத்தை ஒட்டிய மெர்கோங்கில் நான் வேலை பார்த்த டயர் கடையில் டயரின் அளவை எழுத ஒரு வழக்கம் இருந்தது. டயரின் பக்கவாட்டில் ரப்பரிலேயே 175 எஸ்.ஆர். 14 என்று பொறித்திருக்கும். நாங்கள் அதன்மேல் சாக்பீஸால் 175-14 என்று எழுதி அடுக்கில் ஏற்றுவோம். பில்லிலும் அப்படித்தான். நடுவில் உள்ள எழுத்தை யாரும் எழுதுவதில்லை. பழைய காலத்து டயர்களில் அந்த எழுத்தே கிடையாதாம். கடைக்காரச் சீனர் அந்தக் காலத்திலேயே கடை திறந்தவர், அவருக்கு எண் போதும். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு டவுனில் இடைநிலைப் பள்ளிக்கான புகுமுக வகுப்பில் நான்கு மாதம், அதோடு என் படிப்பு முடிந்தது. எண் எந்த மொழியிலும் எண்தான்.

ஆனால் அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முதலாளிச் சீனரை நாங்கள் தவுக்கே என்போம். ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டே அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆர் எல்லா ரேடியல் டயரிலும் வரும், அதற்கு முன்னால் உள்ள எழுத்துதான் மாறும். எஸ் என்றால் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் வரை அந்த டயர் தாங்கும். எச் என்றால் இருநூற்றுப் பத்து. வேகமான பெரிய கார்களுக்கு எச் போட வேண்டும்.

"ஆனா கெடாவில எவன் நூத்தெம்பது போவான்?" என்று சிரித்தார். எங்கள் தமிழ் அவருக்கு நன்றாக வரும், நடுவில் மலாய் கலந்துகொள்வார். "ரோட்டு மேல நெல்லு காயப்போட்டிருக்கான். நூத்தெம்பது போனா நெல்லுகாரன் உன்னை அடிப்பான் லா."

நானும் சிரித்தேன். எச் டயர் விலை கூட. எங்கள் கடையில் இருப்பு வைப்பதில்லை. யாராவது கேட்டால் பினாங்கிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். யாரும் கேட்டதில்லை.

நான் கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் அங்கிருந்து கிளம்பினேன். சுங்கைப் பட்டாணியில் லாரியில் கிளீனராக இருந்தேன். பெண்டாங்கில் நெல் ஆலையில் ஒரு பருவம் மூட்டை தூக்கினேன். நெல் தூசு கழுத்தில் ஒட்டி, சொறிந்து சொறிந்து புண்ணாகி, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. சண்டை போட்டு வந்ததும் இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன், அவ்வளவுதான். டயர் கடைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கடையின் மாடியில், டயர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு பாய். மழைக் காலத்தில் புது ரப்பர் வாசனை தலைவலி கொடுக்கும். டயர் லீவர் நழுவி இடது கைக் கட்டைவிரல் நகம் போனது. அது போனபின் விரல் மரத்துவிட்டதால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு டிரஸர் இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். டாக்டர் மாதம் ஒரு முறை வந்து போவார், மற்ற நாட்களில் டாக்டர் அவர்தான். யாழ்ப்பாணத் தமிழர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு மனைவியோடு சர்ச்சுக்குப் போவார். அவர் பேசும் தமிழ் எங்கள் காதுக்கு வேறு மாதிரி இருக்கும். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'ஓம், ஓம்' என்று சொல்லிக்கொண்டு ஓடுவோம். அவர் திரும்பிப் பார்த்து, "ஓம், சொல்லும்" என்பார். நாங்கள் சிதறி ஓடுவோம்.

தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பெரிய துரையும் கிளம்பினார். போகும்போது தன் ஜெர்மன் காரை டிரஸருக்கு விற்றுவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், தோல் சீட்டு. டிரஸரின் சம்பளத்துக்கு அது பெரிய கார்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் கேலி செய்தார்கள். "டிரஸருக்குப் பெரிய துரை ஆகணும்னு ஆசை வந்துருச்சுலா" என்றார்கள். ஆனால் அந்தக் கார் டிரஸரைச் சுமந்ததைவிடத் தோட்டத்து ஆட்களைச் சுமந்ததுதான் அதிகம். ஆம்புலன்ஸ் என்று தோட்டத்தில் எதுவும் கிடையாது. ரப்பர் பால் ஏற்றும் லாரிதான். பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் லாரி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கார் வந்தபிறகு டிரஸரே ஓட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போவார்.

என் அக்காவின் முதல் பிள்ளை அப்படித்தான் பிறந்தது. நான் அப்போது அங்கே இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். தோல் சீட்டின்மேல் தோட்டத்து ரப்பர் ஷீட்டை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு அக்காவைப் படுக்க வைத்தாராம். "துரை ஒக்காந்த சீட்டுலடா நான் படுத்துக்கிட்டுப் போனேன்" என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய அரைமணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருவருக்குமே ஆபத்து என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாளாம்.

அந்தக் கார் ஒரு சனிக்கிழமை முற்பகல் எங்கள் டயர் கடை வாசலில் வந்து நின்றது. டிரஸரின் மனைவியின் தாய்வீடு அலோர் ஸ்டாரில். மாதம் ஒரு முறை வருவார்கள். மனைவியை அங்கே இறக்கிவிட்டு அவர் மட்டும் வந்திருந்தார்.

"உம்மட அக்கா சொன்னவ, நீர் இங்கதான் நிக்கிறீர் எண்டு" என்றார். கையில் ஒரு பை. "இது ரம்புத்தான். அவ தந்துவிட்டவ. உடம்பு எப்பிடி? விரலுக்கு என்ன?"

நகம் போனதைச் சொன்னேன். விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார். "வலிக்குதோ?"

"இல்ல ஐயா."

"வலிக்கோணும். சரி, விடும்." காரைக் காட்டினார். "நாலும் தேஞ்சுபோச்சு. பட்டணத்தில எத்தினையோ கடை இருக்கு, எங்கட பெடியன் வேலை செய்யிற கடைக்கே போவம் எண்டு வந்தனான். துரை போட்டிருந்த அதே டயர் வேணும். வேற ஒண்டும் வேண்டாம். விலையைப் பாராதேயும்."

நான் குனிந்து பழைய டயரைப் பார்த்தேன். தேய்ந்த ரப்பரில் எழுத்து தெளிவாகவே இருந்தது. 175 எச்.ஆர். 14.

உள்ளே போய் தவுக்கேயிடம் சொன்னேன். எச் இல்லை, ஒரு வாரம் ஆகும் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "175-14 இருக்கு. சாமா லா. எதுக்கு ஒரு வாரம்? வேற கடைக்குப் போயிருவான்."

சாமா என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அர்த்தம். நான் வெளியே வந்தேன்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தவுக்கே சொன்னதற்காக மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. எந்த வேலையிலும் நிற்காதவன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மனிதர் என்னைத் தேடி வந்திருக்கிறார். அவரை 'இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் கையால் நாலு டயரையும் மாட்டி, பேலன்ஸ் பார்த்து, காற்று அடித்து அனுப்ப வேண்டும். அவர் திரும்பிப் போய், உங்கள் மகன் நன்றாக வேலை செய்கிறான் என்று என் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

"அதே டயர்தானோ?" என்று கேட்டார்.

"அதேதான் ஐயா. 175-14. பழசுலயும் அதான் இருக்கு."

"அப்ப போடும்."

அவர் குனிந்து பார்க்கவில்லை. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிவரச் சொன்னார். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று எந்தக் காருக்கும் செய்யாத அளவு கவனமாகச் செய்தேன். ரிம்மைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கூடக் கொடுத்தேன். பில்லில் என் கையாலேயே எழுதினேன். டயர் 175-14, நான்கு.

இரண்டு மாதம் கழித்து மழை ஓய்ந்த ஒரு காலை நேரத்தில், அலோர் ஸ்டாரிலிருந்து பெண்டாங் வழியாகத் திரும்பிப் போகும்போது, வாய்க்கால் கரையிலிருந்து ஓர் எருமைக் கன்று சாலையில் ஏறியிருக்கிறது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். கார் வழுக்கிப்போய் வாய்க்கால் பாலத்தின் சிமெண்டுச் சுவரில் மோதியது. டிரஸருக்கு நெற்றியில் ஆறு தையலும் தோள்பட்டை எலும்பில் முறிவும். மனைவிக்கு ஒன்றுமில்லை. காரின் முன்பக்கம் ரேடியேட்டர்வரை உள்ளே போய்விட்டது. எருமைக் கன்று எழுந்து போய்விட்டதாம். அவர் நாற்பது மைலுக்கு மேல் ஓட்டவே மாட்டார். தோட்டத்துக்கே தெரியும்.

காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தார். அதனால் அக்காவின் கடிதத்தில் விபத்துச் செய்தியைப் படித்தபோது நான் அவர் தோளைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். காரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பிறகு ஒரு நாள் கடைக்கு போன் வந்தது. காப்புறுதிக் கம்பெனிக்காகச் சேதத்தைப் பார்த்து எழுதும் அட்ஜஸ்டர் டயர் விஷயமாக மத்தியானம் வருவதாகச் சொன்னார்கள். தவுக்கே என்னை உள்ளே கூப்பிட்டார். முதல் தடவையாகக் கதவைச் சாத்தினார்.

"நீ சொல்லு, அந்த ஆள்தான் மலிவா கேட்டான்னு. ஓராங் மாவ் மூரா, ஆளுக்கு மலிவு வேணும். முடிஞ்சுது."

"அவரு அப்படிக் கேக்கலயே, தவுக்கே."

"எனக்குத் தெரியும் கேக்கல. இன்சூரன்ஸ்காரன் கடை மேல வந்தா கடை இல்ல. கடை இல்லன்னா நீயும் இல்ல. அவன் சம்பளக்காரன். கார் இல்லாட்டி பஸ்ஸில போவான். நீ எங்க போவ?"

நான் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடியவன். அதுவரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அதை ஏன் அப்போது சொல்லத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அட்ஜஸ்டர் தமிழர். முப்பத்தைந்து வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, மோட்டார் சைக்கிள், தோளில் ஒரு கான்வாஸ் பை. பெண்டாங் பட்டறையில் காரைப் பார்த்துவிட்டு நேராக வருகிறார். சேறு காய்ந்த சப்பாத்தை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"பில்லு எழுதினது யாரு? நீயா தம்பி?"

"ஆமா சார்."

"காருல நாலு டயரும் எஸ்ஸு. அந்தக் காருக்குக் கம்பெனி சொன்னது எச்சு. ஒரு எழுத்துதான். ஆனா அந்த ஒரு எழுத்துல எல்லாம் நின்னுபோச்சு."

நான் சிரிக்கப் பார்த்தேன். "எருமைக்கு எழுத்துப் படிக்கத் தெரியுமா சார்?"

அவரும் சிரித்தார். நல்ல மனிதர். "எருமைக்குத் தெரியாதுதான். அவரு நாப்பதுல போனாரு, அது எனக்கும் தெரியும். நாப்பதுல போனா எஸ் டயரும் ஒண்ணுதான், எச் டயரும் ஒண்ணுதான். கார் சறுக்கினதுக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா பாலிசில ஒரு வரி இருக்கு தம்பி. வண்டியச் சரியான நெலமையில வச்சிருக்கணும்னு. கார் கம்பெனி சொன்ன வேகத்துக்குக் கீழ உள்ள டயரப் போட்டா, சரியான நெலமையில இல்லன்னு எழுத இடம் இருக்கு. இடம் இருந்தா எழுதுவாங்க. எருமை செத்திருந்தா எருமைக்காரனுக்குக்கூடக் குடுத்திருப்பாங்க. இவரு காருக்குக் குடுக்க மாட்டாங்க."

"அப்ப ஒண்ணும் கெடைக்காதா சார்?"

"அதுக்குத்தான் உன்னைப் பாக்க வந்தேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அவரு சரியான டயரக் கேட்டு, கடையில மாத்திப் போட்டுட்டாங்கன்னா அது அவரு தப்பு இல்ல. நான் அப்படியே எழுதுவேன். கம்பெனி காரச் சரிபண்ணிக் குடுத்துட்டு அப்புறம் கடையைப் பாத்துக்கும். அவரே தெரிஞ்சு மட்டமானதக் கேட்டு வாங்கியிருந்தார்னா, அவ்வளவுதான். கார் போச்சு. பில்லுல எழுத்து இல்ல. அவருகிட்டயே கேட்டேன், யார் சாட்சின்னு. என்னா சொன்னாரு தெரியுமா?"

அட்ஜஸ்டர் டிரஸரின் குரலிலேயே சொன்னார். "'கடையில நிக்கிற பெடியனைக் கேளும். எங்கட தோட்டத்துப் பெடியன். அவன் பொய் சொல்லமாட்டான்' அப்படின்னாரு. கட்டுப் போட்ட கையோட ஒக்காந்துக்கிட்டு, ரொம்ப நிச்சயமாச் சொன்னாரு."

பின்னால் காற்றடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தவுக்கே மேசைக்கு அருகில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்ரஸர் நிறைந்து, டக்கென்று தானாக நின்றது.

"அவருதான் சார் மலிவா கேட்டாரு" என்றேன்.

"எச் போடணும்னு நீ சொன்னியா?"

"சொன்னேன். வேணாம்னுட்டாரு."

ஒரு பொய் கேட்டார்கள், இரண்டு சொன்னேன்.

அட்ஜஸ்டர் இன்னும் பேனாவை எடுக்கவில்லை. "அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லு. நாளைக்கும் இந்தப் பக்கம் வருவேன்."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார்."

அவர் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றேன். கீழே என் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அன்று சாயங்காலம் தவுக்கே எனக்குக் கோழிச் சோறு வாங்கிக் கொடுத்தார். அதையும் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

அடுத்த மாதம் நான் அந்தக் கடையில் இல்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. மரம் ஏற்றும் லாரியில் இருந்தேன், பிறகு ஒரு பலகைக் கொட்டகையில். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்து ஒரு தீபாவளிக்குப் போனேன். லயத்துக்குப் போகும் வழியில்தான் ஆஸ்பத்திரி. ரம்புத்தான் மரத்தடியில் அந்தக் கார் நின்றது. பட்டறையிலிருந்து யாரோ இழுத்துவந்து விட்டிருக்கிறார்கள். முன்பக்கம் சாக்கு போர்த்தியிருந்தது. பின் சீட்டில் கோழி. நாலு டயரும் காற்று இறங்கி மண்ணில் சப்பிக் கிடந்தன. நான் சோப்புப் போட்டுக் கழுவிய ரிம்கள் துருப்பிடித்திருந்தன.

அக்கா தன் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்தத் தடவை லாரிதான். மத்தியானம், நல்ல மழை, பால் ஏற்றப் போன லாரி திரும்பி வர இரண்டு மணி நேரம். டிரஸரும் கூடவே ஏறிக்கொண்டார். லாரியில் கிடந்த ஸ்பேர் டயர் மேல் உட்கார்ந்து, ஒரு கையால் கான்வாஸைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்திட்டம் பிள்ளை, இந்தா வந்திட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். ஆஸ்பத்திரி வரவில்லை. கோலா கெத்தில் முச்சந்திக்கு முன்னாலேயே லாரியை ஓரங்கட்டச் சொல்லி, பிள்ளையை அவரே எடுத்தார்.

"டிரைவரு மழையில எறங்கி நின்னுக்கிட்டு, பொறந்துருச்சா பொறந்துருச்சான்னு கேக்குறான், பாவம்! இவளுக்கு லாரிக்காரின்னே பேரு வச்சிட்டானுங்க" என்று பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பிறகு, "பாலு லாரில வந்த புள்ள, மூணு நாளு பாலே குடிக்கல. நான் பயந்துட்டேன்டா. சாகப்போவுதுன்னே நெனச்சேன்" என்றாள்.

பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"கார் என்னாச்சுக்கா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது போல.

"இன்சூரன்ஸ்காரன் ஏமாத்திட்டானாம். டிரஸரு ஒண்ணும் சொல்லல. 'தரேல்லை, பிள்ளை, விடு' அப்படின்னாரு. அவ்வளவுதான். அந்த மனுசனுக்குக் கார் இல்லாம எங்களுக்குத்தான் கஷ்டமா போச்சு."

கம்பெனி அவருக்கு அனுப்பிய கடிதத்தில் என் வாக்குமூலம் நிச்சயம் இருந்திருக்கும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் மூன்று நாள் லயத்திலேயே இருந்தேன், ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸுக்கு ரப்பர் காட்டு வழியாகக் குறுக்கே நடந்து போனேன்.

ஒரு தடவை அலோர் ஸ்டாரில் அந்த அட்ஜஸ்டரைத் தேடிப் போனேன். வாக்குமூலத்தை மாற்றித் தரலாம் என்று எண்ணம். அன்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன முகவரியில் மாடிப்படி ஏறினேன். அங்கே அவர் ஆபீஸ் இல்லை, தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இறங்கி வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கடைசியில் டிரஸரைப் பார்த்தது எண்பதுகளின் நடுவில். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். டிரஸர் ஓய்வு பெற்று அலோர் ஸ்டாருக்குப் போகப்போகிறார் என்று அக்கா சொன்னாள். இப்போது போகாவிட்டால் எப்போதும் போகமாட்டேன் என்று தெரிந்தது. காலை பத்து மணி இருக்கும். அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நெற்றித் தழும்பு தெரிந்தது. ரம்புத்தான் மரத்தடியில் அந்தக் கார் இல்லை. இரும்புக்காரன் எடுத்துப்போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்த இடத்தில் புல் மஞ்சளாக, கார் அளவுக்கு நீளமாக இருந்தது.

"ஓ, வாரும்" என்றார். "உம்மட விரலைக் காட்டும் பாப்பம்."

காட்டினேன். அழுத்தினார். இப்போது வலித்தது. வலிக்கிறது என்றேன். "அப்ப நல்லது" என்றார்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். "ஐயா, அன்னைக்கு நீங்க அதே டயர்தான் கேட்டீங்க. நான்தான் மாத்திப் போட்டேன். இன்சூரன்ஸ்காரரு வந்தப்ப பொய் சொல்லிட்டேன்."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "கடிதத்தில வாசிச்சனான். கையெழுத்து உம்மடதுதான். வடிவான எழுத்து." பிறகு, "டயர் மாறினது பெரிய காரியமில்லை, தம்பி. ஆருக்கும் நடக்கும். அந்த மனிசன் வந்து கேட்டவுடன நீர் சொல்லியிருக்கலாம். உமக்காக நான் அவரிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளிக்கு என்ன வியாதி என்று சொல்வதுபோலச் சொன்னார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்தேன். புறப்படலாம் என்று எழுந்தபோது அவர், "கொஞ்சம் நில்லும்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய பழைய ஜப்பான் கார் நின்றது. தோட்டத்துக் கிராணி ஒருவரிடமிருந்து போன வருடம்தான் வாங்கினாராம்.

"நாளைக்கு இதிலதான் சாமான் ஏத்திக்கொண்டு போறம். டயர் போன கிழமைதான் மாத்தினது. சரியான டயரோ எண்டு பாத்துச் சொல்லும்."

நான் நாலு டயருக்கும் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். கதவின் உள்பக்கத் தகட்டில் கார் கம்பெனி எழுதியிருந்த அளவையும் பார்த்தேன். பிறகு, ஒரு எழுத்தும் விடாமல் உரக்கப் படித்தேன். "155 எஸ்.ஆர். 13. நாலும் ஒண்ணுதான். தகட்டுலயும் அதுதான் போட்டிருக்கு. இந்தக் காருக்கு இதுதான் ஐயா சரி."

"சரியாப் பாத்தீரோ?"

"பாத்தேன் ஐயா."

அவர் தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கையால் காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, வயதான முழங்கால் மடங்க மெதுவாகக் குனிந்து, விரலால் ரப்பரைத் தடவி, அந்த எழுத்தைத் தானே படித்துப் பார்த்தார்.